ஈறு தளர்ந்தவருக்கு கிளியர் அலைனர்: சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு போட்டால் எடுபடுமா?

பேராக்கின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் கிளியர் அலைனர், அதாவது பல்லை வரிசைப்படுத்தக் கழற்றிப் போடும் தெளிவான பிளாஸ்டிக் உறை (ட்ரே) பற்றி விசாரிப்பவர்கள் இளவட்டம் மட்டும் இல்லை. நாற்பது, ஐம்பது வயதைத் தொட்டவர்களும் கேட்கிறார்கள். மேல்வரிசை முன்பற்கள் விசிறிபோல் விரிந்து நடுவில் சந்து விழுந்தவர்கள் அதில் நிறையப் பேர். கைப்பேசி விளம்பரம் அவர்களிடம் சொல்லாத ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவோம். ஈறு நோய் அடங்கிய வாயில் அலைனர் நல்ல சாதனம். நோய் அடங்காத வாயில் அதே அலைனர் பல்லை இன்னும் சீக்கிரம் தளர்த்தும்.

உங்கள் வாய் எந்த வகை என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். பழைய கல்யாணப் படத்தை எடுத்துப் பாருங்கள். அப்போதும் அதே சந்து இருந்திருந்தால் அது பிறவி அமைப்பு. அப்போது இல்லாமல் கடந்த சில ஆண்டுகளில் வந்திருந்தால், பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்து, நாக்கும் உதடும் கடியும் தள்ளும் திசைக்குப் பல் நகர்ந்திருக்கிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். கூடவே துலக்கும்போது இரத்தம், காலையில் வாய் நாற்றம், பல் நீண்டதுபோல் தெரிவது இவையும் இருந்தால், அலைனர் கடைக்குப் போவதற்கு முன் ஈறு மருத்துவம். இது அபூர்வமான நிலையும் அல்ல. 2010இல் மலேசியாவில் பெரியவர்களிடம் எடுத்த தேசிய வாய்நல ஆய்வில் நூற்றுக்கு 94 பேருக்கு ஏதோ ஒரு அளவில் ஈறு நோய் இருந்தது.

அலைனருக்கு முன் நடக்க வேண்டியது

நல்ல கிளினிக்கைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: "ஈறை அளந்தீர்களா?" மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக விட்டு, ஒரு பல்லுக்கு ஆறு இடத்தில் ஆழம் பார்ப்பார்கள். 28 பல் இருந்தால் 168 எண்கள். 1 முதல் 3 வரை இருந்தால் கவலை இல்லை. 4 என்றால் கவனிக்க வேண்டும். 5, 6, அதற்கு மேல் என்றால் உள்ளே கல்லும் (பல்லில் இறுகிப்போன அழுக்கு) கிருமியும் தங்கும் பள்ளம் உருவாகிவிட்டது. எண்ணோடு சேர்த்து, தொட்டவுடன் எந்த இடத்தில் இரத்தம் வருகிறது என்றும் குறிப்பார்கள். இந்த அட்டவணை இல்லாமல் நேரே வாயை ஸ்கேன் செய்யும் இடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், ஈறு தளர்ந்தவருக்கு அது சரிப்படாது.

முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே தொடக்கத்துக்கு உதவும். ஆனால் முன்பல் பகுதி அதில் மங்கலாகத்தான் விழும். நகர்த்தப் போகும் பல் ஒவ்வொன்றுக்கும் வேர் நுனிவரை தெரியும் சின்னப் படம் தனியாக எடுக்கச் சொல்லுங்கள். வேரில் பாதியாவது எலும்புக்குள் இருக்கிறதா, பக்கத்தில் எலும்பு செங்குத்தாகக் குழி விழுந்திருக்கிறதா என்பது அதில்தான் தெரியும்.

அடுத்தது சுத்தம். மேலோட்டமான ஸ்கேலிங் (கல் எடுப்பது) சுங்கை சிப்புட்டிலேயே ஆகிவிடும். பள்ளம் விழுந்த இடங்களில் மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேரைச் சுத்தப்படுத்த வேண்டும். இதைப் பகுதி பகுதியாக இரண்டு முதல் நான்கு வருகையில் செய்வார்கள். ஆழம் 6க்கு மேல் பல இடங்களில் இருந்தால் ஈறு நிபுணரிடம் போவதே சரி. அரசாங்கப் பல் கிளினிக்கில் காட்டி நிபுணருக்குக் கடிதம் வாங்கலாம், செலவு குறையும், காத்திருக்க வேண்டும். தனியார் என்றால் முப்பது கிலோமீட்டரில் ஈப்போ இருக்கிறது.

"கல்லை எடுத்ததும் பல் ஆட ஆரம்பித்துவிட்டது" என்று சொல்லாத குடும்பம் தோட்டத்தில் இல்லை. பாதி உண்மைதான். கல் திரண்டு பக்கத்துப் பற்களை ஒட்டிப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரியும். வீங்கிய ஈறு வற்றும்போது சந்தும் பெரிதாகத் தெரியும், குளிர்ந்த தண்ணீர் கூசும். சில வாரங்களில் ஈறு இறுகி, ஆட்டமும் குறையும். இதற்குப் பயந்து பாதியில் நிறுத்தியவர்தான் சில ஆண்டுகள் கழித்துப் பல் செட்டுக்கு அளவு கொடுக்கிறார்.

சுத்தம் முடிந்து எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி அளப்பார்கள். ஆழம் 4க்குள் இறங்கி, தொட்டால் இரத்தம் வரும் இடங்கள் நன்றாகக் குறைந்திருந்தால்தான் பல்லை நகர்த்தலாம். 5, 6 என்று இரத்தத்தோடு நிற்கும் இடங்களுக்கு மறு சுத்தம் அல்லது சின்ன அறுவை. இந்த இடைவெளியில் ஒரு நல்லதும் நடக்கலாம். இலேசாக விலகிய பல் சிலருக்கு வீக்கம் வற்றியதும் தானாகவே கொஞ்சம் திரும்பி வரும். ஸ்கேனையும் அதன் பிறகே எடுக்க வேண்டும். வீங்கிய ஈறில் எடுத்த ஸ்கேனுக்குச் செய்த ட்ரே, ஈறு வற்றியபின் சரியாக உட்காராது.

சர்க்கரை, மாத்திரை, சிகரெட், வெற்றிலை

மலேசியாவில் 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நம் இந்தியச் சமூகத்தில் அது இன்னும் கூடுதல். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 7 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் ஈறு நோய் வேகமாக முற்றும் என்றே நிபுணர்கள் கணக்கிடுகிறார்கள். நாளுக்குப் பத்து சிகரெட்டும் அதே கணக்கில் வரும். அண்மைய இரத்தப் பரிசோதனைத் தாளை முதல் வருகையிலேயே கையில் கொண்டுபோங்கள்.

இரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் சாப்பிடுபவர்களில் சிலருக்கு ஈறு தடித்து பல்மேல் ஏறும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயினும் அப்படியே. ஈறு தடித்த வாயில் ட்ரே விளிம்பு அழுத்திக்கொண்டே இருக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் மாற்று கேட்கலாம். எலும்புத் தேய்மானத்துக்கு அலெண்ட்ரோனேட் போன்ற மருந்து எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பல் நகர்வு மெதுவாகும், பல் பிடுங்க நேர்ந்தால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்தும் உண்டு. வெற்றிலை பாக்குப் போடுபவர்களுக்கு நீண்ட பேச்சு வேண்டாம்: பாக்கை விட முடியாது என்றால் அலைனரை விட்டுவிடுங்கள்.

ட்ரே எதைச் செய்யும், எதைச் செய்யாது

இன்விசலைன் என்னும் அலைனர் 1999இல் சந்தைக்கு வந்தது. இன்று பல நிறுவனங்கள் இருந்தாலும் வேலை செய்யும் விதம் ஒன்றே. ஒவ்வொரு ட்ரேயும் பல்லின் இப்போதைய இடத்தைவிட அதிகபட்சம் கால் மில்லிமீட்டர் தள்ளிச் செய்யப்பட்டிருக்கும். நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் போட்டால் பல் அந்த இடத்துக்குப் போகும், பிறகு அடுத்த ட்ரே.

எலும்பு குறைந்த பல்லுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. எலும்பு தேய்ந்த அளவுக்குப் பல்லின் பிடிமானம் வேர் நுனியை நோக்கி இறங்கிவிடும். நல்ல பல் நேராக நகரும் அதே விசையில் இந்தப் பல் சாய்ந்துவிடும். ஆகவே ஒரு ட்ரேக்கு நகர்வு குறைவாக இருக்க வேண்டும், ட்ரே மாற்றும் இடைவெளி நீள வேண்டும். ஏழு நாளுக்கு ஒரு ட்ரே என்று விளம்பரத்தில் வருவது இளம் வாய்க்கு. ஈறு நோயிலிருந்து மீண்டவருக்குப் பதினான்கு நாள், சிலருக்கு அதற்கும் மேல். ட்ரே எண்ணிக்கை கூடினால் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். இந்த விஷயத்தில் அதிக எண்ணிக்கை பெரும்பாலும் நல்ல அறிகுறி.

கணினியில் காட்டும் அசையும் படம் கண்ணுக்கு விருந்துதான். ஆனால் சாதாரண ஸ்கேனில் இருந்து செய்த படத்தில் எலும்பே இருக்காது. ஈறு இளஞ்சிவப்பாக அழகாக வரும், வேர் எங்கே போகிறது என்று காட்டாது. பல் நிபுணர் அந்தப் படத்தையும் எக்ஸ்ரேயையும் பக்கத்தில் வைத்துப் பேச வேண்டும். அப்போது கேளுங்கள்: கீழ் முன்பற்களை வெளியே தள்ளி இடம் உண்டாக்குகிறீர்களா? மெல்லிய ஈறு உள்ளவருக்கு அப்படித் தள்ளினால் முன்புற எலும்பைத் தாண்டி வேர் வெளியே வந்து, ஈறு கீழிறங்கும். அதற்குப் பதில் பற்களின் பக்கவாட்டைத் துளித் துளியாகத் தேய்த்து இடம் எடுக்கலாம். ஓர் இடுக்குக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் பொதுவாகத் தேய்ப்பதில்லை.

இந்தத் தேய்ப்பு இன்னொரு சிக்கலுக்கும் மருந்து. பல் நேராகிச் சேர்ந்தபின் ஈறுப் பக்கம் கறுப்பு முக்கோணமாக ஓட்டை தெரிவதுதான் பெரியவர்கள் அதிகம் வருந்தும் விஷயம். காரணம் எலும்பு இறங்கியது. 1992இல் வெளிவந்த டார்னோ குழுவினரின் ஆய்வுப்படி, இரு பற்கள் தொடும் புள்ளியிலிருந்து எலும்பு 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஈறு அந்த இடுக்கை நிரப்பிவிடும். 6 என்றால் ஏறக்குறைய பாதி இடங்களில்தான் நிரம்பும், 7 என்றால் கால்வாசி. பல்லின் பக்கத்தைத் தேய்த்துச் சேர்க்கும்போது தொடும் புள்ளி ஈறை நோக்கி இறங்கும், முக்கோணம் சுருங்கும். முழுதாக மறையும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம். முடிவில் பல் நிறப் பசையால் கொஞ்சம் நிரப்பலாம்.

ட்ரே பிடித்துக்கொள்ளப் பல்மேல் ஒட்டும் சின்னப் பொட்டுகளும் கவனிக்க வேண்டியவை. ஆடும் பல்லில் பெரிய பொட்டு இருந்தால், ட்ரேயைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் அந்தப் பல் இழுபடும். பொட்டு ஈறுக்கு ஒட்டி இருந்தால் அழுக்கும் சேரும். அதேபோல் ஈறு இறங்கி வேர் தெரியும் இடங்களில் பற்களுக்கு நடுவே குகைபோன்ற இடம் இருக்கும். ட்ரே அதற்குள் புகுந்து பிடித்துக்கொண்டால் கழற்றவே போராட வேண்டும். அந்த இடங்களைப் பல்லின் மாதிரியில் அடைத்துவிட்டு ட்ரே செய்யச் சொல்வது அனுபவமுள்ள மருத்துவரின் வழக்கம்.

பல்லில் ஒட்டும் கம்பியோடு (பிரேசஸ்) ஒப்பிட்டால்? கழற்றித் துலக்க முடிவது அலைனரின் பெரிய பலம், ஈறு நோய்க்காரருக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் பல்லை ஈறிலிருந்து வெளியே இழுப்பது, வேரோடு நேராக நகர்த்துவது, அதிகம் திரும்பிய கோரைப்பல்லைத் திருப்புவது ஆகியவற்றில் கம்பியின் கை ஓங்கும். சிலருக்கு முன்பகுதியில் மட்டும் சில மாதம் கம்பி, மீதிக்கு அலைனர் என்பதே சரியான வழி.

பெரட்டு முதல் இரவு வரை

22 மணி நேரம் போட வேண்டும் என்றால் சாப்பாடு, காபி, துலக்கல் எல்லாவற்றுக்கும் மீதி இரண்டு மணி நேரம்தான். காலை பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு) முன் ஒரு கோப்பி, பத்து மணிக்குத் தே தாரிக், மாலையில் மாமாக் கடையில் ரொட்டி சானாயோடு அரை மணி நேரப் பேச்சு என்று போகிறவர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். ட்ரேயோடு தே தாரிக் குடித்தால் மூன்று கேடு: சூட்டில் பிளாஸ்டிக் வடிவம் மாறும், நிறம் ஏறும், சர்க்கரைப் பால் ட்ரேக்குள் தேங்கிப் பல்லை ஊறவைக்கும். ட்ரே போட்டிருக்கும்போது எச்சில் பல்லைக் கழுவ முடியாது. ஈறு இறங்கி வெளியே தெரியும் வேர்ப்பகுதிக்கு எனாமல் கவசம் இல்லாததால், சொத்தை அங்கேதான் முதலில் விழும். ட்ரேயோடு குடிக்கலாம் என்பது சாதாரணத் தண்ணீர் மட்டும். பானங்களைச் சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்துவிடுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

மஞ்சள் போட்ட குழம்பு ட்ரேயைவிடப் பொட்டைச் சுற்றித்தான் அதிகம் ஒட்டும். சாப்பிட்டபின் துலக்க முடியாத தோட்ட வேலையில், தண்ணீரால் நன்றாகக் கொப்பளித்துவிட்டு ட்ரேயைக் கழுவிப் போட்டுக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்ததும் துலக்குங்கள். ட்ரேயை டிஷ்யூவில் சுற்றி மேசையில் வைக்கவே கூடாது. தொலையும் ட்ரேகளில் நிறைய இலையோடும் தட்டோடும் குப்பைக்குப் போனவை. டப்பா சட்டைப்பையில் இருக்கட்டும். முந்தைய ட்ரேயையும் பத்திரமாக வையுங்கள். இப்போதையது தொலைந்தால் முந்தையதைப் போட்டுக்கொண்டு கிளினிக்கை அழைக்க வேண்டும், தானாக அடுத்ததுக்குத் தாவக் கூடாது.

கழற்றுவதற்கு ஒரு முறை உண்டு. கடைவாய்ப் பல்லின் உட்புறத்தில் விரல் நுனியைக் கொடுத்து ஒரு பக்கம் தளர்த்தி, மறு பக்கமும் தளர்த்தி, கடைசியில் முன்பக்கம். முன்பல்லில் பிடித்து இழுத்தால் ஆடும் பல்லுக்குத்தான் அடி. கழுவ ஆறிய தண்ணீர், மென்மையான பிரஷ், நிறமில்லாத திரவ சோப்பு போதும். பற்பசை ட்ரேயைக் கீறும், கீறலில் நாற்றம் தங்கும்.

பல்லிடுக்குக்குக் குச்சி வேண்டாம். பல்லிடுக்குப் பிரஷ் வேண்டும், வாட்சன்ஸ், கார்டியன் கடைகளில் கிடைக்கும். டெபே என்னும் நிறுவனத்தின் வகையில் இளஞ்சிவப்பு 0.4 மில்லிமீட்டர், சிவப்பு 0.5, நீலம் 0.6, மஞ்சள் 0.7, பச்சை 0.8. இடுக்குக்கு இடுக்கு அளவு மாறும். திணிக்காமல் உள்ளே போகும் அளவில் பெரியதையே எடுங்கள். பல் நகர நகர இடுக்கு சுருங்குவதால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவை மாற்ற வேண்டிவரும். இதைக் கிளினிக் சொல்லித் தருவது அரிது. குளோர்ஹெக்ஸிடின் கொப்பளிப்பு நீரை மருத்துவர் சொன்னால் இரண்டு வாரம்போல் பயன்படுத்தலாம். நீட்டித்தால் பல்லிலும் பொட்டிலும் பழுப்புக் கறை படியும்.

நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

புது ட்ரே போட்ட இரண்டு மூன்று நாள் இறுக்கமும் இலேசான ஆட்டமும் இயல்பு. ஒரே பல் மட்டும் நாளுக்கு நாள் அதிகமாக ஆடுவது, ஈறை அழுத்தினால் சீழ், ஒரு பல் மட்டும் உயர்ந்து கடிப்பது, ட்ரேக்கும் பல் நுனிக்கும் நடுவே இடைவெளி தெரிவது ஆகியவை இயல்பு அல்ல. அடுத்த ட்ரேக்குப் போகாமல் இருப்பதையே போட்டுக்கொண்டு காட்டுங்கள். சிகிச்சை நடக்கும் காலம் முழுக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈறை அளந்து சுத்தம் செய்வது கட்டாயம். இதைச் சுங்கை சிப்புட்டிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் அட்டவணையின் நகல் ஈப்போ நிபுணருக்குப் போய்ச் சேர வேண்டும், அதை நீங்களே கையில் கொண்டுபோங்கள்.

பணம், பதிவு

தனியார் கிளினிக்கில் அலைனர் முழுச் சிகிச்சை பெரும்பாலும் 6,000 முதல் 20,000 ரிங்கிட் வரை போகும். ஈறு சிகிச்சை, எக்ஸ்ரே, கூடுதல் ட்ரே, முடிவில் பல்லைப் பிடித்துவைக்கப் போடும் ரிட்டெய்னர் இவை அதற்குள் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். கூடுதல் ட்ரே இல்லாமல் ஈறு தளர்ந்தவரின் சிகிச்சை முடிவது அரிது. 2024 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து பல் பரிசோதனை, சிகிச்சைச் செலவுக்கு 1,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கு உண்டு, ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள்.

முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். வீட்டுக்கே பல் அச்செடுக்கும் பெட்டி அனுப்பி, மருத்துவரைப் பார்க்காமலே ட்ரே விற்ற ஸ்மைல் டைரக்ட் கிளப் என்னும் அமெரிக்க நிறுவனம் 2023 டிசம்பரில் மூடியபோது, பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அஞ்சல்வழி அலைனர் ஈறு நோய்க்காரருக்கு எந்த விலையிலும் வேண்டாம். அழகு நிலையத்தில் போடும் மலிவுக் கம்பியும் வேண்டாம். 2022 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த 2018ஆம் ஆண்டு பல் மருத்துவச் சட்டத்தின்படி, பதிவு பெறாமல் பல் மருத்துவம் செய்வதற்கு 300,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு ஆண்டு வரை சிறையோ விதிக்கலாம். மருத்துவரின் பெயரும் நிபுணர் பிரிவும் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் தேடினால் கிடைக்கும்.

ரிட்டெய்னர்

எலும்பு குறைந்த பல் வந்த வழியே திரும்பப் பார்க்கும். அதனால் ரிட்டெய்னர் ஆயுள்வரைக்கும். முன்பற்களின் உட்புறம் கோரைப்பல் முதல் கோரைப்பல் வரை ஒட்டும் மெல்லிய கம்பி ஆடும் பற்களை ஒன்றோடொன்று கட்டி வைப்பதால், இவர்களுக்கு அதுவே பொருத்தம். இரவில் போட ஒரு ட்ரேயும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். கம்பிக்கு அடியில் கல் சேரும். பல்லிடுக்குப் பிரஷ்ஷை உட்புறத்திலிருந்தும் விட வேண்டும். ஒரு பல்லில் மட்டும் ஒட்டு விட்டுப்போனால் வலிக்காது, கண்ணுக்கும் தெரியாது, அந்தப் பல் மட்டும் ஓசையில்லாமல் நகரும். வாரம் ஒருமுறை நாக்கால் தடவிப் பார்த்து, கம்பி எங்காவது தூக்கியிருந்தால் அன்றிரவே ட்ரேயைப் போட்டுக்கொண்டு அந்த வாரத்துக்குள் ஒட்டிக்கொள்ளுங்கள். இதற்கு ஈப்போ போக வேண்டியதில்லை, ஊரிலுள்ள பல் கிளினிக்கே போதும்.